மாமனார் கொண்டுவந்த கம்ப்ரசர்

கதிரவனின் அப்பா கார் வாங்காமலேயே கார் ஷெட் கட்டிய மனுஷர். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகிற சாலையை ஒட்டி வீடு கட்டும்போது, இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு ஓர் அம்பாசிடர் வாங்காமலா போய்விடுவோம் என்று பக்கத்திலேயே ஒரு ஷெட்டையும் எழுப்பிவிட்டார். அம்பாசிடர் வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்தார். ஷெட்டில் விறகும் தேங்காய் மட்டையும் உடைந்த சைக்கிளும் குடியேறின. மகனோ ஊரார் காருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவனாக ஆனான். அதுவும் உள்ளூரிலா? சிதம்பரத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து பஸ் பிடித்து வருகிற பிழைப்பு.

நல்ல வேலைக்காரன்தான். ஒடுங்கிய கதவைத் தட்டி, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் எந்த இடத்தில் அடிபட்டது என்று கார்க்காரனே தேட வேண்டும். வாய்தான் கிடையாது. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுகிற ஜாதி. எதிரில் இருப்பவர் மனசு கோணிவிடுமோ என்று பயந்து பயந்தே பாதி ஆயுசைக் கழித்தவன். அந்த வாயில்லாத்தனம்தான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஐந்தில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. பெண், பண்ருட்டி பக்கம் திருவதிகை. மாமனார் தங்கராசுவுக்கு முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உண்டு, மரியாதையான குடும்பம். மாலதி அவனைப் போல ஊமை இல்லை. கலகலவென்று பேசுவாள், அவனையும் சேர்த்துக் கிண்டல் செய்வாள். மூன்றாம் மாதம் ஒருநாள் காலை, தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு அப்படியே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. கதிரவனுக்கு உயிரே போய்விட்டது. தெளிந்து எழுந்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்தே இருக்கிறது என்று அன்று ராத்திரி அவளே சொல்லி அழுதாள். சொல்லக்கூடாது என்று வீட்டில் சத்தியம் வாங்கியிருந்தார்களாம்.

வேறொருவனாக இருந்தால் மறுநாளே திருவதிகைக்குப் போய்ப் பஞ்சாயத்து வைத்திருப்பான். கதிரவன் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனான். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விழுந்தால் எப்படி ஒருபக்கமாகப் படுக்க வைக்க வேண்டும், எதையெல்லாம் செய்யக்கூடாது என்று ஒரு நர்ஸம்மா கற்றுக்கொடுத்தாள். மாத்திரையைப் பெருங்காய டப்பாவில் போட்டு வைத்தார்கள். மாமனார் மாமியார் வரும்போது கண்ணில் படக்கூடாது அல்லவா? படுவது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அந்த மனுஷர் கூனிக் குறுகிப் போவாரே என்பது இவர்கள் கவலை. அங்கே அவர்களும் மகளை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆக இரண்டு வீட்டுக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை இரண்டு வீடும் ஏழு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. இதில் யாரைப் போய்த் திட்டுவது?

மாத்திரை வேலை செய்தது. ஆனாலும் எப்போதாவது ஒருநாள் வரும், சொல்லாமல் வரும். போன வருஷம் சோறு வடிக்கும்போது வந்தது. கொதிக்கிற கஞ்சி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டிவிட்டது. கதிரவன் அப்போது சிதம்பரத்தில் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கி, பிறகு போன் போட்டாள். பஸ் ஏறி வீடு வருவதற்குள் அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. வழியில் டயர் வேறு பஞ்சர். இனிமேல் வீட்டை விட்டு வேலை செய்வதில்லை என்று அந்த பஸ்ஸில் உட்கார்ந்துதான் முடிவு செய்தான். அப்பா கட்டிய ஷெட் சும்மாதானே கிடக்கிறது. ஷெட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு சுவரும் ஒரு ஜன்னலும்தான். அவள் விழுந்தால் சத்தம் கேட்கும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம்.

வருஷக் கடைசியில் ‘தானே’ புயல் வந்து ஷெட்டின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. புதுத் தகரம் போட்டான். ஸ்ப்ரே கன் இருந்தது, பட்டித் தகடு இருந்தது, கை இருந்தது. இல்லாதது கம்ப்ரசர் ஒன்றுதான். காற்று இல்லாமல் பெயின்ட் அடிக்க முடியுமா?

சிதம்பரத்தில் தேவநாதன் என்பவர் இந்த மாதிரிச் சாமான் கடை வைத்திருந்தார். கதிரவனுக்குப் பழக்கமானவர். அவர் கடைக்கு வருகிறவர்கள் தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் எவ்வளவு பவர் என்று கேட்பார்கள். இவன் அதையெல்லாம் ஒரு பார்வையில் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக ஓடவிடச் சொன்னான். ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு, டீ குடித்த எவர்சில்வர் டம்ளரை அவரிடம் நீட்டினான்.

“அண்ணே, கோச்சிக்காதீங்க. கடைக்குப் பின்னால போயி இத செமண்டுத் தரையில போடுங்க.”

“என்னாத்துக்கு?”

“சும்மா போடுங்கண்ணே.”

தேவநாதன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்ப் போட்டார். மோட்டாரோடு நேராகப் பிணைத்த சின்ன மெஷின் ஓடும்போது டம்ளர் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை; அளவில் சின்னதாக இருந்தாலும் அது போட்ட கத்தல் அப்படி. பெல்ட் போட்டு மெதுவாகச் சுற்றுகிற இன்னொன்று, வீட்டு கரண்டிலேயே ஓடுவது, அது ஓடும்போது டிங் என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. கதிரவன் முகத்தில் சிரிப்பு வந்தது. திரும்பவும் போடச் சொன்னான். திரும்பவும் கேட்டது.

“கம்ப்ரசர் வாங்க வந்தியா, டம்ளர் வாங்க வந்தியா கதிரு?” என்றார் தேவநாதன், நசுங்கிய டம்ளரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. “அதுசரி, கரண்டு எங்க இருக்குது? பாதி நாளு இருக்கறதில்லயே. இத வாங்கி என்னா செய்வ?”

அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தான். கரண்டு இல்லாத நேரத்தில் பட்டி பூசலாம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கலாம். வந்ததும் பெயின்ட் அடிக்கலாம். வேலை மெதுவாகத்தான் நடக்கும், நடந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கம்ப்ரசரை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தான்.

சனியன் அங்கேதான் வந்தது. ஷெட் திறக்க ஆவணியில் நாள் பார்த்திருப்பதாக மாலதி தன் அம்மா வீட்டுக்குச் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளை சொந்தமாகத் தொழில் தொடங்கினால் பெண் வீட்டிலிருந்து சீர் வர வேண்டும். வராவிட்டால் ஊர் சிரிக்கும். அன்று சாயங்காலமே தங்கராசு போன் செய்தார்.

“மாப்ள, கம்ப்ரசர் எங்க சீரு. நீங்க வாங்கப்புடாது. எது வேணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க, அதயே எறக்கிடறேன்.”

இதோ கேட்கிறார் மனுஷர். பெல்ட் போட்டது, கரண்டில் ஓடுவது, சிதம்பரத்தில் தேவநாதன் கடையில் எடுத்து வைத்திருக்கிறது, மாமா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மாலதி பக்கத்தில் நின்று சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கையை ஆட்டுகிறாள். ஆனால் சீர் தருகிறவரிடம் இதுதான் வேண்டும் என்று கேட்கிற மாப்பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது கதிரவனுக்கு முதலில் வந்துவிட்டது. ஏன் அதுவே வேண்டும் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பது அடுத்தபடியாக வந்தது. உங்கள் மகள் விழுகிற சத்தம் கேட்க வேண்டும் என்றா சொல்வது?

“உங்களுக்குத் தெரியாததா மாமா. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதான்.”

போனை வைத்ததும் மாலதி தலையில் அடித்துக்கொண்டாள். “கேக்கறாரு இல்ல, சொன்னா என்னா? வாயில கொழுக்கட்டயா வச்சிருக்கீங்க?”

“நீ சொல்லேன்.”

அவளாலும் சொல்ல முடியாது.

திறப்பு நாளன்று காலையில் ஒரு குட்டியானை வண்டி தெருவில் நுழைந்தது. முன்னால் தாம்பாளங்களோடு மாமியார் வகையறா. தேங்காய், வாழைத்தார், வேட்டி சேலை. வண்டியின் மேலே, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கன்னங்கரேலென்று ஒரு டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. அதன் தோளோடு தோளாகக் கம்ப்ரசரும் பெரிய தொட்டியும். கதிரவன் அந்த எஞ்சினைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். மாமனார் தோப்புக்குத் தண்ணீர் இறைத்த எஞ்சின் அது.

“புயலு தோப்ப மொத்தமா படுக்க வச்சிட்டுப் போயிடுச்சு. இனிமே யாருக்குத் தண்ணி எறைக்கறது?” என்றார் தங்கராசு. “எம்பொண்ணு வூட்லயாவது ஓடட்டும்னு கொண்டாந்தேன். பண்ருட்டில லேத்துல குடுத்து கம்ப்ரசரோட சேத்தாச்சு. ஊரே கரண்டு இல்லாம குந்திக்கினு இருக்கும், எம்மாப்ள வேல செய்வாரு.”

ஹேண்டிலைப் போட்டு அவரே சுற்றினார். கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. எஞ்சின் முழங்கியது பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்து புதுப் போல்ட்டெல்லாம் ஆடின. தெருவே கூடி நின்று மெச்சியது. அடேயப்பா, இந்தக் கரண்டு கட் காலத்தில் இதுதான் புத்திசாலித்தனம் என்று ஒருவர் கதிரவன் காதோரம் வாயை வைத்துக் கத்தினார். கதிரவன் சிரித்தபடி தலையாட்டினான். கண் மட்டும் மாலதியைத் தேடியது. ஆரத்தித் தட்டோடு வாசற்படியில் நின்று அவள் அவனிடம் என்னவோ சொன்னாள். வாய் அசைந்தது தெரிந்தது, ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

இனி அதை என்ன செய்ய முடியும்? சீராக வந்ததைத் திருப்பி அனுப்பினால் உறவே அறுந்துபோகும். விற்கலாம் என்றால் அது அந்த மனுஷரின் தோப்பில் மிச்சமான ஒன்று. சிதம்பரத்துக் கம்ப்ரசரை வாங்கிப் பக்கத்தில் வைக்கலாம் என்றால், மாமனார் வந்துபோகிறபோதெல்லாம் முதல் வேலையாக எஞ்சினில் எண்ணெய் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். கொண்டுவந்தது போதவில்லையா என்று அவர் கேட்கக்கூடக் கேட்க மாட்டார், உள்ளுக்குள்ளேயே உடைந்துபோவார். கதிரவன் தேவநாதனுக்குப் போன் செய்து, எடுத்து வைத்ததை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான்.

அவன் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று. எஞ்சினை ஓடவிட்டுத் தொட்டியில் காற்று நிரப்புவான். நிரம்புகிற வரைக்கும் சமையல்கட்டு வாசலில் போய் நின்று மாலதியைப் பார்த்துக்கொண்டிருப்பான். நிரம்பியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு, இருக்கிற காற்றில் அடிப்பான். காற்று தீர்ந்தால் மறுபடி அதே கூத்து. பைக் டேங்க், மட்கார்டு மாதிரிச் சின்னச் சாமானுக்கு இது தாங்கியது. கார்க் கதவு என்றால் நடுவில் காற்று இறங்கி, பெயின்ட் திட்டுத் திட்டாக விழுந்து, வேலை கெட்டது. கார்க்காரர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள்.

“இப்பிடிக் காவக்காரன் மாதிரி நின்னா எனக்குக் கை ஓடல” என்பாள் மாலதி. “வெங்காயம் அரியறதக்கூடவா பாப்பாங்க?”

“நல்லா அரியறியான்னு பாக்கறேன்.”

“பாருங்க பாருங்க. அப்பா குடுத்த சீரு, உங்கள சமையல்கட்ட விட்டுப் போவாத மாப்ளயா ஆக்கிடுச்சு.”

அவள் சிரிப்பாள், அவனும் சிரிப்பான். உள்ளே மட்டும் அவனுக்குப் பற்றிக்கொண்டு எரியும். யார் மேல் எரிகிறது என்று அவனுக்கே தெரியாது. பாசத்தோடு கொண்டுவந்து இறக்கியவர் மேல் கோபப்பட முடியுமா?

புரட்டாசி சனிக்கிழமை ஒன்றில் தங்கராசு திருவந்திபுரம் பெருமாளைச் சேவித்துவிட்டு மகள் வீட்டுக்கு வந்தார். அன்று ஷெட்டில் நெடுநாள் கழித்து ஒரு கார்க் கதவு வந்திருந்தது. மாலதி அப்பாவுக்கு வடை பாயசம் என்று உள்ளே ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தாள். கரண்டு இல்லை. கதிரவன் வழக்கம்போல எஞ்சினைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்தப் போனான்.

“எதுக்கு மாப்ள அணைச்சு அணைச்சு போடறீங்க? அது எஞ்சினுக்கு ஆவாது. ஓடட்டும்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்தார் தங்கராசு.

ஓடியது. கதிரவன் கதவுக்கு முதல் கோட்டு அடித்தான். திட்டு இல்லை, கோடு இல்லை, கண்ணாடி மாதிரி விழுந்தது. அடித்து முடித்ததும் உள்ளே ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று திரும்பினான். மாமனார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த எஞ்சினை அவர் எந்த வருஷம் வாங்கினார், ஒரு கோடையில் இது எப்படி ராப்பகலாக ஓடித் தோப்பைக் காப்பாற்றியது என்றெல்லாம் அவன் காதில் கத்திச் சொல்லத் தொடங்கினார். கண் கலங்கியிருந்தது. பேசிக்கொண்டிருக்கிற பெரியவரை அப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? கதிரவன் தலையாட்டிக்கொண்டு நின்றான். போயிருக்க வேண்டும் பாவி.

சுற்றுச்சுவருக்கு மேலே தில்லையம்மாளின் தலை தெரிந்தது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள், வாய் திறந்து திறந்து மூடியது. தங்கராசு முகம் மலர்ந்து, நல்லா இருக்கேம்மா என்பதுபோலத் தானும் கையைத் தூக்கி ஆட்டினார். அடுத்த நொடி கதிரவன் எஞ்சினை நிறுத்தினான்.

“எத்தினி தடவடா கத்தறது? தோட்டத்துல வுழுந்து கெடக்கறாடா” என்றாள் தில்லையம்மாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

பாத்திரம் கழுவ வந்த இடத்தில், துவைக்கிற கல் பக்கத்தில் கிடந்தாள் மாலதி. நெற்றி கல்லில் பட்டுப் பிளந்திருந்தது. வழிந்தோடிய குழாய்த் தண்ணீரில் ரத்தம் கரைந்து போய்க்கொண்டிருந்தது. உடம்பு இன்னும் வெட்டிக்கொண்டிருந்தது. கதிரவன் மண்டியிட்டான். அவன் கை யோசிக்கவே இல்லை. ஒருபக்கமாகச் சாய்த்தது, தலைக்கு அடியில் துண்டை வைத்தது, கழுத்துப் பக்கம் இறுக்கத்தைத் தளர்த்தியது, வாயோரத்து நுரையைத் துடைத்தது. ஏழு வருஷமாகச் செய்கிற கை என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் மாமனார் நின்றார். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்களே, அதற்காக இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவர் பாதி தூரம் நீட்டியிருந்தார். அவரும் நெடுநாள் செய்த கை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கராசு சாவிக்கொத்தை மெல்ல இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

“வெயிலு” என்றார். “வெயில்ல மயக்கம் வந்திருக்கும்.”

வானம் காலையிலிருந்தே மூடிக்கிடந்தது.

“ஆமாம் மாமா” என்றான் கதிரவன். “வெயிலு ஜாஸ்திதான்.”

ஆட்டோ வைத்துப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். வடை பாயசத்தை யாரும் தொடவில்லை. சாயங்காலம் தங்கராசு கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரை கூடப்போனான் கதிரவன். பஸ் தூரத்தில் வரும்போதுதான் வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மாப்ள, அந்த எஞ்சினு... சத்தம் ஜாஸ்தியா இருக்குதோ?”

எவ்வளவு நேரம் மனசுக்குள் உருட்டியிருந்தால் அந்தக் கேள்வி வெளியே வந்திருக்கும்! கதவைத் திறந்து வைத்துவிட்டார் மனுஷர். ஆமாம் மாமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், நாளைக்கே வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். கதிரவனுக்கு அது தெரிந்தது. சொல்லவும் வாயெடுத்தான். அந்தக் கிழட்டுக் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தான்.

“அதெல்லாம் இல்ல மாமா. பழகிடுச்சு.”

தங்கராசு தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்குள் மாலதி பாயில் படுத்திருந்தாள். நெற்றிக் கட்டு கண்ணோரம் வரை இறங்கியிருந்தது.

“அப்பா எதுனா கேட்டாரா?”

“எஞ்சின் சத்தமா இருக்குதான்னு கேட்டாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

சொன்னான். அவள் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

“நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்” என்றாள். பிறகு அவன் கையைத் தள்ளிவிட்டாள். “போங்க, அந்தக் கதவுக்கு இன்னொரு கோட்டு பாக்கி இருக்குது. அந்தக் கார்க்காரரும் போயிடப்போறாரு. நான் படுத்துதான இருக்கறேன். படுத்திருக்கறவ எங்க வுழப்போறா?”

கதிரவன் அவளை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தான். பிறகு ஷெட்டுக்குப் போய் ஹேண்டிலை எடுத்து எஞ்சினைச் சுற்றினான்.